முட்டுக் கொடுக்கிற வேலை

செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றரைக்கெல்லாம் அந்த வீட்டு வாசலில் என் பைக் நிற்கும். கடையத்துக்கு மேற்கே, மலையடிவாரத்துத் தெரு. திண்ணையில் அம்மா பீடி சுற்றிக்கொண்டிருப்பார். என்னைக் கண்டதும் மடியிலிருந்த சுளகை இறக்கிவைத்து, தூள் ஒட்டிய கையைக் கழுவிவிட்டு, உள்ளே பாயை விரிப்பார். பையனுக்கு அப்போது நாலு வயது. பிறந்தவுடன் அழாத பிள்ளை, மூளை முடக்குவாதம். கை கால் நான்கும் விறைப்பு, தலை நிற்காது, உட்கார வராது. நாற்பது நிமிடம் அவன் காலை நீட்டுவேன், மடக்குவேன், தொடையை அகட்டுவேன், குதிகால் தசைநாரை இழுத்துப் பிடிப்பேன். அவன் அழுவான். நான் முப்பது வரை எண்ணுவேன். முடிந்ததும் நோட்டில் தேதி போட்டு அம்மாவிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு அடுத்த ஊருக்குக் கிளம்புவேன். மூன்று வருஷம் இப்படி. மழை, கொடை, தேர்தல் எதற்காகவும் ஒரு செவ்வாயை விட்டதில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

ஏழு வயதில் அவன் ராத்திரி முழுக்க அழ ஆரம்பித்தான். எக்ஸ்ரே எடுத்தார்கள். இடது தொடையெலும்பின் குமிழ், இடுப்புக் கிண்ணத்தை முழுசாக விட்டு வெளியே வந்து மேலே ஏறி நின்றது. படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று வருஷம் என் கையில் பிடித்து அகட்டிய தொடை. அது நழுவிக்கொண்டே போனது என் கைக்குத் தெரியவில்லை.

ஆஸ்பத்திரி வாசலில் டீ குடிக்கும்போது அம்மா சொன்னார்: "இவ்வளவு நாளும் வந்திய சார். ராத்திரி இவன் எப்பிடிக் கெடக்கான்னு ஒருநாளும் கேக்கலியே."

குற்றம் சாட்டுகிற குரல் இல்லை. ஏதோ ஞாபகம் வந்து சொல்கிற மாதிரிதான் சொன்னார். வாரத்துக்கு 168 மணி நேரம். அதில் என் பங்கு நாற்பது நிமிடம். மிச்ச நேரமெல்லாம் அந்த உடம்பை வேறு ஏதோ ஒன்று வளைத்துக்கொண்டிருந்திருக்கிறது.

அடுத்த செவ்வாய் போனபோது நோட்டை எடுக்கவில்லை. "ராத்திரி கிடக்கிற மாதிரி படுக்கவையுங்கள்" என்றேன். அம்மா அவனை மல்லாக்கப் படுக்கவைத்துவிட்டுக் கையை எடுத்தார். இரண்டு முழங்காலும் சேர்ந்து மடங்கி மெல்ல வலப்பக்கம் சாய்ந்தன. தலை இன்னொரு பக்கம் திரும்பிக்கொண்டது. "ஆடிக் காத்துல சாஞ்ச வாழை மாதிரிதான் சார் விடிய விடியக் கெடப்பான்."

எங்கள் பாடப்புத்தகத்திலும் இந்தக் கோணலுக்குக் காற்றை வைத்துத்தான் பெயர். காற்றடித்துச் சாய்ந்தது என்று அர்த்தம். அந்தச் சொல்லை எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன். செங்கோட்டைக் கணவாய் வழியாக ஆனி ஆடியில் இறங்குகிற காற்றில் ஒரு வயல் வாழை முழுக்க ஒரே பக்கமாகப் படுத்துக்கிடப்பதைச் சின்ன வயதிலிருந்து பார்த்துமிருக்கிறேன். வாழை வைத்திருப்பவர்கள் சாய்ந்த பிறகு கம்பு தேடுவதில்லை. தார் தள்ளும்போதே, காற்றுக்கு முன்னாலேயே, சவுக்குக் கம்பை நட்டு முட்டுக் கொடுத்துவிடுவார்கள். நான் மூன்று வருஷமாக, சாய்ந்த மரத்தை வாரத்துக்கு ஒருமுறை நிமிர்த்திப் பார்த்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தேன்.

சாய்வதற்கு முன்பே தாங்கிப் பிடிக்கிற இந்த வேலையை அலுவலக அறிக்கையில் 'உடல்நிலைத் தாங்கல் பராமரிப்பு' என்று எழுதுகிறேன். வீடுகளில் அதற்குப் பெயர் முட்டுக் கொடுக்கிறது.

என்ன நடக்கிறது என்பதைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பிறக்கும்போது எல்லாப் பிள்ளைக்கும் இடுப்புக் கிண்ணம் ஆழம் குறைவாகத்தான் இருக்கும். நின்று, நடந்து, எடை இறங்க இறங்கத்தான் குமிழுக்குத் தக்கபடி கிண்ணம் குழிந்து வளரும். நிற்காத பிள்ளைக்கு அது நன்றாகக் குழிவதில்லை. தொடையை உள்ளே இழுக்கிற தசைகளின் விறைப்பு வேறு குமிழை வெளிப்பக்கம் நெம்பிக்கொண்டே இருக்கும். இதற்கு மேல் பூமியின் இழுப்பு. நாமெல்லாம் தூக்கத்தில் எத்தனையோ தடவை புரண்டு படுக்கிறோம். இந்தப் பிள்ளைகளுக்குப் புரள முடியாது. முழங்கால்கள் வலப்பக்கம் விழுந்தால் இடுப்பெலும்பும் கூடவே திரும்பும். தோள் மட்டும் பாயோடு ஒட்டிக்கிடக்கும். ஈரத்துணியைப் பிழிகிற மாதிரி நடுவுடம்பு முறுக்கிக்கொள்ளும். ஒரு ராத்திரியில் ஒன்றும் ஆகாது. ஆயிரம் ராத்திரியில் முதுகெலும்பு வளைந்துவிடும். விலா ஒரு பக்கம் புடைத்து, மறுபக்கம் சப்பையாகிவிடும். சப்பையான பக்கத்து நுரையீரலுக்கு இடம் போதாது. சளி கட்டினால் இறங்காது. எங்கள் பிள்ளைகள் பலர் போவது இடுப்பாலோ முதுகாலோ இல்லை, நெஞ்சுச் சளியால்தான்.

இதற்குக் கணக்கும் உண்டு. மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளைகளை அசைவுத் திறனை வைத்து ஐந்து நிலையாகப் பிரிக்கிற முறையை 1997-ல் ராபர்ட் பலிசானோவும் உடன் வேலைசெய்தவர்களும் கொண்டுவந்தார்கள். தடையில்லாமல் நடக்கிறவர்கள் முதல் நிலை. தலைகூட நிற்காதவர்கள் ஐந்தாம் நிலை. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்துப் பிள்ளைகளை ஆராய்ந்து 2006-ல் வெளியிட்ட கணக்கில், எல்லா நிலையும் சேர்த்து 35 சதவீதம் பேருக்கு இடுப்பு நழுவியிருந்தது. முதல் நிலையில் ஒருவருக்கும் இல்லை. ஐந்தாம் நிலையில் 90 சதவீதம். தெற்கு ஸ்வீடனில் 1994-லேயே, குறித்த இடைவெளியில் எக்ஸ்ரே எடுத்து, குமிழ் எத்தனை சதவீதம் வெளியே வந்திருக்கிறது என்று அளந்து, முழுசாக நழுவுவதற்கு முன்பே சிகிச்சை கொடுக்கிற ஏற்பாட்டைத் தொடங்கிவிட்டார்கள். இதையெல்லாம் நான் படித்தது அந்தப் பையனின் எக்ஸ்ரேயைப் பார்த்த பிறகுதான். 1994-க்கு அப்புறம் கல்லூரியை முடித்தவன் நான். என் பாடத்தில் இது வரவில்லை என்று சொல்லித் தப்பிக்கலாம். அம்மாவிடம் அப்படிச் சொல்ல முடியாது.

ராத்திரி வீடு பார்க்கப் போக ஆரம்பித்தேன். பயணப்படி படிவத்தில் ஏழு மணிக்கு மேல் நேரம் எழுத இடமில்லை. அதை யார் திருத்துவது என்று இரண்டு வருஷம் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒன்பது, ஒன்பதரைக்குப் போனால் வீட்டின் உண்மையான படம் கிடைக்கும். ஒரே அறையில் ஐந்து பேர், கொசுவலை, ஒரு ஃபேன், டிவி. எந்தச் சுவர் ஓரம் பிள்ளை, யார் பக்கத்தில், எந்தப் பக்கம் முகம் என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும். பகலில் கேட்டால் "நல்லாத்தான் தூங்குவான் சார்" என்பார்கள். ராத்திரி போய் உட்கார்ந்தால், அந்த அம்மா பன்னிரண்டு மணிக்கும் இரண்டு மணிக்கும் நாலு மணிக்கும் எழுந்து புரட்டிவிடுகிறார் என்று தெரியவரும். அவர் தூங்கிப் பல வருஷம் ஆகியிருக்கும்.

டிவியைச் சொன்னேன். சாம்பவர்வடகரைப் பக்கம் ஒரு சிறுமி. தலை எப்போதும் இடப்பக்கம், இடுப்பு வலப்பக்கம். என்னென்னவோ யோசித்துக்கொண்டிருந்தேன். ராத்திரி போனபோது புரிந்தது: டிவி இடப்பக்கம், அம்மா படுப்பது இடப்பக்கம், வாசல் இடப்பக்கம். வலப்பக்கம் வெறும் சுவர். எந்தப் பிள்ளை சுவரைப் பார்க்கும்? பாயைத் தலைமாடு கால்மாடாகத் திருப்பிப் போட்டோம். ஒரு நாள் இந்தப் பக்கம், மறுநாள் அந்தப் பக்கம். நான் செய்ததிலேயே செலவில்லாத வைத்தியம் அதுதான். இரண்டு மாதத்தில் கழுத்து நடுவுக்கு வர ஆரம்பித்தது. பாட்டிக்குத்தான் மனத்தாங்கல், பிள்ளையை வடக்கே தலைவைக்கச் சொல்லிவிட்டேனாம். அப்புறம் கிழக்கு மேற்காக மாற்றினோம்.

பீடி வீடுகளில் வேறு சிக்கல். எங்கள் பக்கம் ஆலங்குளம், முக்கூடல், கடையம் என்று எங்கே போனாலும் பெண்கள் மடியில் சுளகு இருக்கும். கடையில் ஆயிரம் பீடி கணக்குக் கொடுத்தால்தான் சோறு. மடி என்பது பிள்ளைக்கான இடம், ஆனால் அதில் சுளகு உட்கார்ந்திருக்கிறது. பிள்ளை பக்கத்தில் பாயில் கிடக்கும். அம்மா வெளிச்சத்துக்காக வாசலோரம் ஒரே இடத்தில்தான் உட்காருவார். ஆகவே பிள்ளை தினமும் எட்டு மணி நேரம் ஒரே பக்கமாக அம்மா முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும். "மடியில் வையுங்கள்" என்று சொல்வது சுலபம். சுற்றாத பீடிக்கு யார் காசு கொடுப்பது? மத்தியானச் சோற்றுக்குப் பிறகு பிள்ளையை மறுபக்கம் மாற்றிப் போடுங்கள், முதுகுக்குப் பின்னால் நீளத் தலையணையும் முழங்கால்களுக்கு நடுவே ஒரு சின்னத் தலையணையும் வைத்து ஒருக்களித்துப் படுக்கவையுங்கள் என்று சொல்வேன். தூள் பறக்கிற இடத்திலிருந்து நாலடி தள்ளி. இவ்வளவுதான் கேட்கலாம், கேட்டேன், செய்தார்கள்.

தூளி விஷயத்தில் என் புத்தி ரொம்ப நாள் கோணலாக இருந்தது. சேலைத் தூளியில் பிள்ளை வில்லாக வளைந்து கிடக்கும், முதுகு கூனும் என்று கண்ட வீட்டிலெல்லாம் அவிழ்க்கச் சொன்னேன். சில அம்மாக்கள் நான் வரும் நாளில் மட்டும் அவிழ்த்து மடித்துவைத்தார்கள். மெக்சிகோ மலைக்கிராமங்களில் வேலைசெய்த டேவிட் வெர்னர், ஊனமுள்ள கிராமத்துக் குழந்தைகளைப் பற்றி எழுதிய பெரிய புத்தகம் 1987-ல் வந்தது. அதைப் புரட்டும்போது, பின்பக்கமாக வில்போல் விறைக்கிற பிள்ளையைத் தொங்கும் வலைத்தொட்டிலில் போட்டால் உடம்பு முன்பக்கம் மடங்கி விறைப்புத் தளரும் என்று படம் போட்டிருந்தது. அதே தூளிதான். விறைத்து வளைகிற பிள்ளைக்கு அரை மணி நேரம் தூளி நல்லது, முழு ராத்திரியும் அதில் கிடந்தால் கெடுதல், ஏற்கெனவே முதுகு கூனுகிற பிள்ளைக்கு அரை மணியும் வேண்டாம். இப்படிப் பிரித்துச் சொல்ல எனக்கு ஆறு வருஷம் ஆனது. பாட்டிமார் நீட்டிய காலில் பிள்ளையைப் போட்டு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுவதையும் அப்போதுதான் ஒழுங்காகப் பார்த்தேன். இரண்டு காலுக்கும் நடுவிலுள்ள பள்ளத்தில் பிள்ளையின் முதுகு நேராக, இரண்டு பக்கமும் அணைப்போடு இருக்கும். விலை கொடுத்து வாங்குகிற எந்த மெத்தையும் அதற்கு மேல் ஒன்றும் செய்வதில்லை.

வெளிநாட்டில் இதற்கென்றே தயாரான படுக்கைச் சாதனங்கள் உண்டு. நான் ஒரு பயிற்சியில் தொட்டுப் பார்த்திருக்கிறேன், அருமையாக இருந்தது. எங்களுக்குக் கிடைத்தது பழைய ஜீன்ஸ். முழங்காலுக்குக் கீழே வெட்டிய ஒரு கால், அடிப்பக்கம் தைத்து, உள்ளே இலவம்பஞ்சும் நடுவில் ஒரு மணல் பையும். பஞ்சு மட்டும் என்றால் பிள்ளையின் விறைப்புக்கு முன்னால் நிற்காது, ஓடிவிடும், மணல்தான் முட்டு. ஜீன்ஸ் துணி வியர்வையை உறிஞ்சும், துவைக்கலாம், கிழியாது. பைக் சீட் தைக்கிற கடையில் மிஞ்சுகிற ஃபோம் துண்டுகளை மூட்டையாக வாங்கி, தொடைக்கு நடுவே வைக்க ஆப்பு மாதிரி வெட்டுவோம். தென்காசியில் ஒரு சீட் கடைக்காரர், ஆரம்பத்தில் கிலோக் கணக்கில் காசு வாங்கியவர், ஒருநாள் என்னோடு பைக்கில் வந்து ஒரு வீட்டைப் பார்த்துவிட்டுப் போனார். அதற்கப்புறம் வெட்டுகிற வேலையும் அவருடையதாகிவிட்டது. என்னைவிட அவருக்கு ஃபோம் தெரியும். "இது ரெண்டு மாசத்துல அமுங்கிரும் அண்ணாச்சி, பொடி ஃபோமை ஒட்டி அழுத்துனதுல கேளுங்க" என்பார்.

எங்கே வைப்பது என்பது அந்தந்த உடம்பைப் பார்த்து முடிவு செய்வது. மல்லாக்கப் படுத்தால் முழங்காலுக்கு அடியில் ஒன்று, காற்று சாய்க்கிற பக்கத்தில் தொடைக்கு வெளியே ஒன்று, மறுபக்கம் விலாவை ஒட்டி ஒன்று. முறுக்கைப் பிரிக்க எதிரெதிராக மூன்று இடத்தில் முட்டு. இழுத்து நேராக்கக் கூடாது. கை வைத்தால் எவ்வளவு வருகிறதோ, அதிலும் ஒரு விரல் குறைவாகத்தான் நிறுத்த வேண்டும். வலிக்கிற நிலையில் எந்தப் பிள்ளையும் தூங்காது. பிள்ளை தூங்காத வீட்டில் தலையணை பரண் மேல்தான் இருக்கும். முதல் வாரம் பகல் தூக்கத்துக்கு மட்டும், அப்புறம் ராத்திரி ஒரு மணி, இரண்டு மணி என்று ஏற்றுவோம். காலையில் எடுத்ததும் தோலைப் பார்க்க வேண்டும். சிவந்த தடம் அரை மணியில் மறையாவிட்டால் முட்டு தப்பான இடத்தில் இருக்கிறது.

ஒரு தப்பைச் சொல்லாமல் போனால் இது கட்டுரை ஆகாது. வலிப்பும் உள்ள ஒரு பெண் பிள்ளை, ஒன்பது வயது. அழகாக மல்லாக்கப் படுக்கவைத்து, மூன்று பக்கமும் முட்டுக் கொடுத்து, அலைபேசியில் படமும் எடுத்துக்கொண்டேன். நேராக, புத்தகத்தில் இருக்கிற மாதிரியே கிடந்தாள். அன்றைக்கு ராத்திரி வாந்தி எடுத்திருக்கிறாள். முன்பெல்லாம் கோணலாக, ஒருக்களித்துக் கிடப்பாள். வாந்தி பாயில் ஓடிவிடும். என் நேரான படுக்கையில் ஓட வழியில்லை. சத்தம் கேட்டு அம்மா எழுந்து புரட்டிப் போட்டதால் பிழைத்தாள். அம்மா என்னைத் திட்டவில்லை. ஜீன்ஸ் தலையணைகளைக் கழுவிக் காயப்போட்டு, மடித்து, அடுத்த முறை போனபோது என் கையில் கொடுத்துவிட்டார். அந்த வீட்டில் மறுபடி நம்பிக்கை வாங்க ஒரு வருஷம் ஆனது. அதற்கப்புறம் என் முதல் கேள்வி படுக்கை பற்றி இல்லை. வாந்தி வருமா, வலிப்பு வருமா, சோறு எதுக்களிக்குமா, மூச்சில் சத்தம் கேட்குமா என்பதுதான். அப்படிப்பட்ட பிள்ளையை மல்லாக்கப் படுக்கவைப்பதில்லை. ஒருக்களித்துத்தான், அதையும் டாக்டரிடம் கேட்டுக்கொண்டு. கட்டில் இருந்தால் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் ஒவ்வொரு செங்கல். முகத்துக்குப் பக்கத்தில் மெத்தென்ற எதுவும் கூடாது. முதல் ஒரு வாரம் யாராவது ஒருவர் விழித்திருக்க வேண்டும்; ஆளில்லாவிட்டால் நான் போய் உட்காருவேன்.

நாம் செய்வது வேலை செய்கிறதா என்று பார்க்க அளக்க வேண்டும். இங்கிலாந்தில் எலிசபெத் கோல்ட்ஸ்மித்தும் கூட்டாளிகளும் இந்தச் சாய்ந்த கோணலை அளக்கிற முறை ஒன்றை 1992-ல் வெளியிட்டார்கள். முழங்காலை மடக்கி, இடுப்பெலும்பு எந்தப் பக்கம் எவ்வளவு தூரம் போகிறது, நெஞ்சின் அகலம் எவ்வளவு, ஆழம் எவ்வளவு என்றெல்லாம் பார்க்கலாம். நல்ல கருவி வேண்டும். எங்கள் தச்சு ஆசாரியிடம் கேட்டேன். இரண்டு மூலைமட்டத்தை ஒரு ஸ்கேலில் ஏற்றி, ஒன்று நகர்கிற மாதிரி செய்துகொடுத்தார். பாயில் படுத்த பிள்ளையின் நெஞ்சுக்கு இரண்டு பக்கமும் அதை நிறுத்தினால் அகலம். தரையிலிருந்து நெஞ்செலும்பு வரை உயரம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை. சப்பையாகிக்கொண்டே வந்த நெஞ்சு ஒரே அளவில் நின்றாலே எனக்குத் திருவிழா. சில சின்னப் பிள்ளைகளிடம் எண் கொஞ்சம் திரும்பியும் வந்திருக்கிறது.

இதைக் கேட்டு யாரும் மயங்க வேண்டாம். ராத்திரிப் படுக்கைச் சாதனம் இடுப்பு நழுவுவதைத் தடுக்குமா என்று உலகத்து ஆய்வுகளைச் சலித்துப் பார்த்த காக்ரேன் குழு 2015-ல் சொன்னது, இடுப்பு பற்றி முறையான ஒப்பீட்டுச் சோதனை ஒன்றுகூடக் கிடைக்கவில்லை என்பதுதான். ஆகவே நான் எந்த அம்மாவிடமும் இடுப்புக்கு உத்தரவாதம் கொடுப்பதில்லை. பிள்ளை தூங்கும், நீங்களும் தூங்கலாம், மூச்சு கொஞ்சம் லேசாகும், வருஷம் ஒருமுறை எக்ஸ்ரேக்கு நானே கூட்டிப்போகிறேன் என்று மட்டும் சொல்கிறேன். எக்ஸ்ரேயில் நழுவல் தெரிந்தால் அது எலும்பு டாக்டரின் வேலை. தலையணையை நம்பி ஆபரேஷனைத் தள்ளிப்போட்ட வீடு ஒன்று எனக்குத் தெரியும். அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

நாற்காலிக்கு வருகிறேன். ஆய்க்குடியில் எஸ். ராமகிருஷ்ணன் 1981-ல் தொடங்கிய அமர் சேவா சங்கம் இருப்பதால், எங்கள் பக்கத்துக் கிராமங்களில் சக்கர நாற்காலி அதிசயப் பொருள் இல்லை. ஆனால் முகாம்களில் ஒரே அளவில் வந்து இறங்குகிற நாற்காலி வேறு கதை. பெரியவர் உட்காருகிற அகலம், துணி இருக்கை. துணி ஆறு மாதத்தில் தொய்ந்து தூளி மாதிரி ஆகிவிடும். எட்டு வயதுப் பிள்ளை அதில் ஒரு மூலையில் சரிந்து, இடுப்பு முன்னால் வழுக்கி, முதுகால் உட்கார்ந்திருக்கும். போட்டோ எடுத்துச் சால்வை போட்டு அனுப்பிவிடுவார்கள். அதை வீட்டில் துணி காயப்போட வைத்திருப்பதைப் பார்த்து ஒரு அதிகாரி, இவர்களுக்குப் பொருளின் மதிப்புத் தெரியவில்லை என்று என்னிடம் வருத்தப்பட்டார். மதிப்புத் தெரிந்துதான் துணி காயப்போட்டிருக்கிறார்கள். பிள்ளைக்கு அது ஆகாது என்று அம்மாவுக்கு முதல் நாளே தெரிந்துவிட்டது.

ஆசாரியும் நானும் அந்த நாற்காலிகளை ஒவ்வொன்றாகத் திருத்தினோம். துணி இருக்கை மேல் பிளைவுட் பலகை, அதன் மேல் ஃபோம். இருக்கையின் ஆழம், புட்டத்திலிருந்து முழங்கால் மடிப்பு வரை அளந்து இரண்டு விரல் குறைவு. பாதம் தொங்கக் கூடாது, அதற்குக் கட்டை. பெல்ட்டை வயிற்றில் கட்டினால் பிள்ளை அதற்கு அடியில் வழுக்கி இறங்கும், கழுத்தில் மாட்டுகிற ஆபத்தும் உண்டு. தொடை மடிப்புக்கு நேராக, கீழ்நோக்கிச் சாய்வாக இழுத்துக் கட்ட வேண்டும். இடுப்பு சமமாக இருக்கிறதா என்று ஆசாரி ரசமட்டத்தை எடுத்துக்கொண்டு வந்தபோது முதலில் சிரித்தேன். அப்புறம் நானும் ஒன்று வாங்கி வைத்துக்கொண்டேன்.

சின்னப் பிள்ளைகளுக்குக் காகித நாற்காலி. ஜிம்பாப்வேயில் பெவில் பேக்கர் என்பவர் பழைய அட்டைப்பெட்டியையும் செய்தித்தாளையும் மாவுப் பசையால் அடுக்கி ஒட்டி, ஆள் ஏறி நிற்கிற அளவுக்குப் பலமான சாமான்கள் செய்யும் முறையை வளர்த்தார். எங்கள் ஊரில் சினிமா போஸ்டர் ஒட்டுகிறவர்களுக்கு இந்தப் பசை அத்துபடி. அவர்களில் ஒருவர்தான் எங்கள் குரு. பூச்சி அரிக்காமல் இருக்க மயில்துத்தம் கலக்கச் சொன்னார். இந்தப் பிள்ளைகள் எதையும் வாயில் வைக்கும், ஆகவே அதை வேண்டாம் என்றுவிட்டு மேலே பெயின்ட் அடித்தோம். கார்த்திகை மழையில் இரண்டு நாற்காலி காளான் பூத்தன. வெயில் காலத்தில் செய்தால் நாலைந்து வருஷம் நிற்கும், அதற்குள் பிள்ளை வளர்ந்துவிடும்.

உட்காரத் தெரிந்துவிட்டால் சோறு ஊட்டுவது பாதி மாறும். மல்லாந்த நிலையில், தலை பின்னால் தொங்க, பாலாடையால் ஊற்றுகிற வழக்கம் எங்கள் பக்கத்தில் பெரிய பிள்ளைகளுக்கும் உண்டு. இருமிக்கொண்டே விழுங்கும், பாதி மூச்சுக்குழாய்க்குப் போகும். தலையை நிமிர்த்தி, தாடையைக் கொஞ்சம் உள்ளே இறக்கி, கரண்டியை முகத்துக்கு நேராகக் கீழேயிருந்து கொண்டுவந்தால் இருமல் குறையும். இதை ஒருமுறை செய்து காட்டினால் போதும், எந்த அம்மாவுக்கும் மறக்காது.

2016-ம் வருஷச் சட்டம் 21 வகை மாற்றுத்திறனைக் கணக்கில் எடுத்திருக்கிறது. அடையாள அட்டை வந்தது, அதில் ஊனத்தின் சதவீதம் வந்தது, மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை வருகிறது. அந்தப் பணத்தை நான் குறைத்துப் பேச மாட்டேன். சில வீடுகளில் அதுதான் பால், அதுதான் வலிப்பு மாத்திரை. ஆனால் அட்டையில் 90 சதவீதம் என்று போட்டிருக்கிற பிள்ளை ராத்திரி எந்தப் பக்கம் சாய்கிறது என்று எழுத ஒரு கட்டம் இல்லை. இருந்தால் நன்றாக இருக்கும். நம் சர்க்காரில் கட்டம் வந்துவிட்டால் பின்னாலேயே ஆளும் வந்துவிடுவார்.

முதலில் சொன்ன அந்தப் பையன் இப்போது முப்பதை நெருங்குகிறான். நழுவிய இடுப்பு நழுவியபடிதான். அதைத் தொடர்ந்து முதுகும் வளைந்து அப்படியே கட்டிக்கொண்டது. இறுகிப்போன முதுகை நிமிர்த்தப் பார்க்கக் கூடாது. அந்த வளைவுக்குத் தக்கபடி இடம் செய்துகொடுக்கத்தான் முடியும். ஆறு வருஷத்துக்கு முன்னால் சீட் கடைக்காரரும் ஆசாரியும் நானும் அவன் வீட்டுத் திண்ணையில் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்தோம். அவன் முதுகின் வடிவத்துக்கு ஃபோமை அடுக்கடுக்காக வெட்டி, வெட்டி வைத்துப் பார்த்து, மறுபடி வெட்டி, இடது விலாவுக்குப் பள்ளமும் வலது பக்கத்துக்கு மேடுமாக ஒரு இருக்கை செய்தோம். உட்காரவைத்தபோது இருபது வருஷமாகக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்த தலை தெருவைப் பார்த்தது. தெருவில் பையன்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். பந்து போகிற பக்கமெல்லாம் அவன் கண் போனது.

அம்மாவுக்கு இப்போது பீடிக்குக் கண் தெரிவதில்லை. சுளகு சுவரில் மாட்டியிருக்கிறது. போன செவ்வாய் போயிருந்தேன். வாசலில் அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர், ஜீன்ஸ் தலையணை ஒன்றைத் தன் முழங்காலுக்கு அடியில் வைத்திருந்தார். "எனக்கும் முட்டுக் குடுத்துட்டு வாழுதேன் சார்" என்று சிரித்தார். பையன் மெலிந்திருக்கிறான், இருக்கையில் வலது பக்கம் இடைவெளி விழுந்து சாய ஆரம்பித்திருக்கிறான். கையை விட்டுப் பார்த்தேன். இரண்டு விரல் ஃபோம் கூட்ட வேண்டும். சீட் கடைக்காரரிடம் சொல்லியிருக்கிறேன், வியாழக்கிழமை தருவதாகச் சொல்லியிருக்கிறார்.